அக்கா வீட்டு ஃபிரிட்ஜும் நித்யாவின் ஊசிகளும்

1

போன வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது. வின்னிபெக்கில் ஜனவரி மாதம் ஃபிரிட்ஜ் கெட்டுப்போனால் யாரிடமும் சொல்லி அழ முடியாது, சிரிப்பார்கள். வெளியே போனால் விடுகிற மூச்சு மீசையிலேயே உறைந்து நிற்கும். அந்தக் குளிர் உள்ளே வராமலிருக்கக் காசு கொடுத்து வீட்டைச் சூடாக்குகிறோம். சூடான வீட்டுக்குள் ஒரு பெட்டியை வைத்து, மறுபடியும் காசு கொடுத்து அதைக் குளிராக்குகிறோம். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இந்த நியாயம் மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ரிப்பேர்காரர் அடுத்த வாரம்தான் வருவாராம். என் மனைவி மாலதி இருந்ததையெல்லாம் தூக்கிப் பால்கனியில் வைத்தாள். பால் உறைந்து டப்பாவைப் பிளந்துகொண்டு வந்தது. தோசை மாவைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், மாவு அசையவில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த எங்கள் மகள் ஓவியா நின்று பார்த்துவிட்டு, "அத்தை வீட்டு ஃபிரிட்ஜ் கதை மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவள் என்னிடம் தமிழில் முழு வாக்கியம் பேசுவது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான். அதனால் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு, அந்தக் கதையை எழுதிவிடலாமென்று உட்கார்ந்தேன்.

அத்தை என்பது என் அக்கா சரசு. ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் இருக்கிறாள். மச்சான் பழனிசாமி அங்கே கேரட்டும் முட்டைக்கோசும் போடுகிறார். எங்கள் தாத்தா காலத்தில் அவிநாசிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோது, வெளிநாட்டுத் தம்பி என்ற கெத்தில், அக்காவுக்கு ஒரு டபுள் டோர் ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தேன். கேத்தியில் ஃபிரிட்ஜ் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். மச்சானும் அதைத்தான் கேட்டார். ஊரே ஃபிரிட்ஜுக்குள்தானே இருக்கிறது என்றார். நான் விமானம் ஏறிய மறுநாளே அக்கா ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, அதற்குள் பட்டுப்புடவை, விதைப் பாக்கெட், ரேஷன் கார்டு, மகள் நித்யாவின் மெடல்கள் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டிவிட்டாள். எலி வராத பீரோ என்று அக்கம்பக்கத்தில் அதற்கு நல்ல பெயர். இந்த விவரம் எனக்கு மட்டும் தெரியாது.

2

நித்யா அக்காவின் ஒரே பெண். ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவள் விசில் ஊதினால் கேத்தி வரை கேட்கும் என்று மச்சான் பெருமையடிப்பார். போன வருடத்துக்கு முந்தின மார்கழியில் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. விசில் கயிறு உரசியிருக்கும் என்று அக்கா விளக்கெண்ணெய் தடவினாள். கட்டி போகவில்லை. கோயம்புத்தூருக்குப் போய்ச் சதையெடுத்துப் பார்த்ததில், நிணநீர்க் கணுவில் வருகிற புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ஃபோன் வந்தது. வீட்டில் யாருக்கு உடம்புக்கு என்றாலும் எனக்குத்தான் வரும். நான் இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன் என்பது ஊருக்குத் தெரியும். சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறேன் என்பதையும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அதை என் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். படுக்கை விரிப்பில் எந்தக் கறை எதனால் போகும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். இரத்தப் பரிசோதனை முடிவை வாட்ஸப்பில் அனுப்பி, "பாத்துச் சொல்லு தம்பி" என்றால் நான் என்ன செய்ய? பெரிதாக்கிப் பார்ப்பேன், சின்னதாக்கிப் பார்ப்பேன், "டாக்டர் சொல்றபடி கேளுங்க்கா" என்பேன். பாரு, எவ்வளவு தெளிவாச் சொல்றான் என்பார்கள்.

ஆனால் அந்தத் தடவை டாக்டர் சொன்னதைக் கேட்க அக்கா தயாராக இல்லை. குணமாகிற வகைதான், மருந்து ஏற்ற வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த மருந்து கருமுட்டைகளைப் பாதிக்கலாம், அதனால் ஏற்றுவதற்கு முன்னால் இந்தம்மாவைப் பாருங்கள் என்று கருத்தரிப்பு டாக்டர் ஒருவரிடம் அனுப்பியிருக்கிறார். அந்தம்மாள் நித்யாவைப் பார்த்து, நோய் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கும், அதற்குள் தினம் ஒரு ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து வெளியே எடுத்து உறையவைத்துவிடலாம், அஞ்சாறு வருடம் கழித்து அவளுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம் என்றாராம். இப்போது விட்டால் பிறகு கிடைக்குமென்று உறுதியில்லை என்றும் சொன்னாராம்.

அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். உயிரே ஊசலாடும்போது பிள்ளையைப் பற்றி என்ன பேச்சு? கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிற்றில் ஊசி போட்டார்கள் என்று ஊரில் தெரிந்தால் நாளைக்கு யார் வாசல்படி ஏறுவார்கள்? நீ ஆஸ்பத்திரிக்காரன், நீயே வேண்டாமென்று சொல்லிவிடு என்றாள். நான் அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை மாலதியிடம் பாதி ஜாடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓவியா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, முட்டை எப்படி வளரும், எப்படி எடுப்பார்கள் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்க ஆரம்பித்தாள். நான் இரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இதுல என்னப்பா வெட்கம்? பயாலஜிதானே" என்றாள். அவளும் நித்யாவும் தினமும் பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என்னிடம் பேச நேரமில்லாத பெண்!

3

மறுநாள் அந்தம்மாள் அறையில் நடந்ததை நித்யா எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மச்சான் விவசாயி. உறைபனி என்றால் அவருக்கு எமன். ஒரு நாள் பனி இறங்கினால் செடி கருகிவிடும், இளம் முட்டை மட்டும் எப்படித் தாங்கும் என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்விதான். பனி மெதுவாக இறங்குவதால் ஊசி ஊசியாக ஐஸ் கட்டிச் செடியைக் குத்துகிறது, நாங்கள் ஐஸ் கட்டவே நேரம் கொடுக்காமல் கண்ணிமைக்கிற நேரத்தில் குளிரவைத்துத் திரவ நைட்ரஜனில் போட்டுவிடுவோம் என்று அந்தம்மாள் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம மாட்டாஸ்பத்திரில சினை ஊசிக்குக் கேன் வெச்சிருப்பாங்களே, தொறந்தாப் பொகை வருமே, அதுங்களா" என்றாராம். கிட்டத்தட்ட அதேதான் என்று டாக்டரம்மா ஒத்துக்கொண்டார்.

அக்கா அதற்கப்புறம் மச்சானோடு பேசவில்லை. பெற்ற பெண்ணைக் கொண்டுபோய் மாட்டோடு சேர்த்துவிட்டார் என்று இன்றுவரை அந்தக் கோபம் இருக்கிறது.

கையெழுத்து வாங்கும்போது இன்னொரு கூத்து. அங்கே இருந்த பெண் முதலில் கணவர் பெயரைக் கேட்டாள். இல்லை என்றதும் பேனா நின்றுவிட்டது. அக்கா, அதுதான் சாக்கு என்று எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். டாக்டரம்மா வந்து, மேஜரான பெண், அவள் சம்மதம் போதும் என்றார். அப்பன் வேண்டாமா, அம்மா வேண்டாமா, தாய்மாமனைக்கூடக் கேட்கவேண்டாமா என்று அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே நித்யா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

முதல் சில ஊசிகளை ஆஸ்பத்திரியிலேயே போட்டார்கள். மிச்ச ஊசிகளை வீட்டிலேயே தினம் மாலை ஏழு மணிக்குப் போட்டுக்கொள்ள வேண்டும், நேரம் தப்பக்கூடாது, இரண்டு நாளைக்கொரு தடவை ஸ்கேனுக்கு வரவேண்டும் என்றார்கள். மருந்தைக் கொடுத்த சிஸ்டர், வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டாள். கோபத்திலும் அக்காவுக்குப் பெருமை விட்டுப்போகவில்லை. "எந்தம்பி வாங்கிக் குடுத்ததுங்க, டபுள் டோரு" என்றாள்.

பக்கத்து வீடுகளுக்கு நித்யா பல் வைத்தியத்துக்குப் போய்வருவதாகச் சொல்லப்பட்டது.

4

நான் ஊருக்குப் போக லீவு கேட்டேன். எங்கள் சலவைப் பகுதியின் மேலாளர் நல்ல பெண்மணிதான், ஆனால் கம்ப்யூட்டர் சொல்வதைத் தாண்டமாட்டார். குடும்ப நோய்க்கான லீவில் அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர், தாத்தா, பாட்டி எல்லாம் இருக்கிறது. அக்கா மகளுக்கு இடமில்லை. நான் அவருக்குத் தாய்மாமன் என்றால் என்ன என்று விளக்க முயன்றேன். அவளுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான் என்றேன். அவர் திடுக்கிட்டு, நீ டாக்டரா என்றார். நாளைக்கு அவள் கல்யாணத்துக்கு முதல் சீர் என்னுடையதுதான், நான் இல்லாமல் எதுவும் நடக்காது என்றேன். அப்படியானால் நீ கார்டியனா என்று கேட்டார். அதற்கும் மேலே என்றேன். கார்டியனுக்கு மேலே கம்ப்யூட்டரில் எதுவும் இல்லை என்றார்.

கடைசியில், காலையில் கொஞ்சம் தாமதமாக வந்துகொள் என்று அனுமதித்தார். கேத்தியில் மாலை ஏழு மணி என்றால் இங்கே காலை ஏழரை. ஊசி போடும்போது நான் வீடியோவில் இருக்கலாம். ஆஸ்பத்திரி ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவர்களுக்கு ஒரு தெம்பு. அக்கா ஊசியைப் பார்க்கமாட்டாள், மச்சான் பார்த்தால் விழுந்துவிடுவார். ஆக, நித்யாதான் தன் வயிற்றில் தானே குத்திக்கொள்ள வேண்டும். ஊசியைக் கண்டால் எனக்கும் ஆகாது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நேரம் வரும்போது காப்பி டம்ளரைப் பார்த்துக்கொள்வேன்.

5

முதல் நாள் வீட்டு ஊசி நல்லபடியாக முடிந்தது. நித்யா மருந்தைத் திரும்ப வைக்கும்போது, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஓவியா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜுக்குள் ஏன் லைட் எரியவில்லை, உள்ளே ஏன் புடவை தொங்குகிறது என்று கேட்டாள்.

அப்போதுதான் இத்தனை வருட உண்மை வெளியே வந்தது. நான் கத்தினேன். எதுக்கு இப்படிக் கத்தறே, உள்ள குளுகுளுன்னுதான இருக்கு என்றாள் அக்கா. நித்யாவும் அப்படித்தான் நினைத்திருந்தாளாம். உடனே சிஸ்டருக்கு ஃபோன் போட்டாள். கேத்தி ஜனவரிக்கு மருந்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் ஃபிரிட்ஜைப் போட்டுவிடுங்கள் என்று சிஸ்டர் சொன்னதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. புடவைகள் கட்டிலுக்குப் போயின. மச்சான் ப்ளக்கைச் சொருகினார். அது உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. அதோடு விட்டிருக்கலாம். இத்தனை நாள் சும்மா கிடந்த மெஷின், நன்றாகக் குளிரட்டுமென்று மச்சான் குமிழைக் கடைசிவரை திருகினார். குளிர் மேலேயிருந்துதான் இறங்குகிறது என்று கையை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்து, மருந்தெல்லாவற்றையும் மேல்கதவைத் திறந்து ஐஸ் பெட்டிக்குள் பத்திரமாக அடுக்கினார்.

மறுநாள் சனிக்கிழமை. அவர்களுக்குக் காலை, எங்களுக்கு இராத்திரிச் சாப்பாட்டு நேரம். ஃபோனில் நித்யா மருந்துக் குப்பியைத் தூக்கிக் காட்டினாள். கல். உறைந்த மருந்து உபயோகப்படாது, அதைத் தொடாதீர்கள், சாயங்காலம் ஏழு மணிக்குள் புதிது வாங்குங்கள், இடையில் ஒரு நாள் விட்டால் இதுவரை வளர்ந்தது கெட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க நோய் நேரம் கொடுக்காது என்று சிஸ்டர் சொல்லிவிட்டாளாம். அந்த மருந்து ஊட்டி, குன்னூர் மருந்துக் கடைகளில் கிடையாது. கோயம்புத்தூரில்தான் கிடைக்கும்.

முட்டை உறைய வேண்டும், மருந்து உறையக்கூடாது. மச்சான் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுக் கேரட் காட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். உறைபனிக்கு விடியற்காலையில் தண்ணீர் அடித்து இத்தனை வருடம் செடியைக் காப்பாற்றின மனுசன், பெற்ற பெண்ணின் மருந்தைத் தன் கையாலேயே பனியில் போட்டோமே என்று அழுததாக நித்யா சொன்னாள்.

6

கீழே போய்வர மச்சானிடம் வண்டி இல்லை. பொங்கல் லீவு. சமவெளி முழுக்கக் காரில் ஏறி ஊட்டிக்கு வந்துகொண்டிருந்தது. மச்சானின் கேரட் லோடு விடியற்காலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியிருந்தது ஒன்றுதான் நல்ல காலம். லாரி டிரைவர் மணியிடம் நித்யாவே ஃபோனில் பேசினாள். அக்கா குறுக்கே வந்து, பல் மருந்து என்று சொல்லு என்று கையைக் காட்டினாள். பல் மருந்தென்றால் அவன் நாளைக்குக் கொண்டுவருவான் என்று நித்யா உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். மணி லாரியை மண்டியிலேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போய், வாட்ஸப்பில் வந்த சீட்டைக் காட்டி மருந்தை வாங்கி, ஐஸ் வைத்துக் கட்டி, திரும்பிவந்து லாரியை எடுத்தான். மத்தியானம் தாண்டி, மலைப்பாதையில் பர்லியார் வளைவில் மாட்டிக்கொண்டான். மேலே ஏதோ சுற்றுலாப் பஸ் கோளாறாகி நின்றுவிட்டது. முன்னாலும் கார், பின்னாலும் கார்.

இதையெல்லாம் நான் வின்னிபெக்கில் உட்கார்ந்து ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மாலதி தூங்கிவிட்டாள். ஓவியா என் பக்கத்தில் உட்கார்ந்து, லாரி நிற்கிற இடத்தை மேப்பில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பர்லியார் என்று அவள் வாயால் கேட்க எனக்கு உள்ளே குளிர்ந்தது. அதைச் சொன்னால் எழுந்து போய்விடுவாள் என்று சொல்லவில்லை.

மணி லாரியிலிருந்து இறங்கி வருகிற போகிற இருசக்கர வண்டியையெல்லாம் கைகாட்டிப் பார்த்திருக்கிறான். கார்களுக்கிடையில் புகுந்து புகுந்து வந்தது பஷீர் பாயின் மொபெட். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மீன் ஏற்றிவருகிறவர். பின்னால் பெரிய ஐஸ் பெட்டி. பத்திரமாகக் கொண்டுபோகவேண்டுமே என்று மணி அவருக்கும் விவரமெல்லாம் சொல்லி, மருந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மத்தி மீனுக்கு மேலே வைத்து அனுப்பினான்.

பஷீர் பாய்க்கு மச்சான் பெயர் தெரியும், வீடு தெரியாது. பஸ் ஸ்டாண்டில் கேட்டார். டீக்கடையில் கேட்டார். கோசு லோடு ஏற்றுகிற இடத்தில் கேட்டார். கேட்ட இடத்திலெல்லாம் அவசரத்தின் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டார். ஆறரை மணிக்கு அவர் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தபோது, பின்னால் பாதி ஊர் வந்திருந்தது.

அக்காவுக்கு இரண்டு இடி ஒன்றாக விழுந்தது. ஊருக்குத் தெரிந்துவிட்டது ஒன்று. மச்சான் தைப்பூசத்துக்குப் பழனி நடக்க மாலை போட்டிருந்தார், வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை, அந்த வீட்டுக்குள் மீன் பெட்டி வந்துவிட்டது இன்னொன்று. நான் வீடியோவில் பார்த்தேன், அக்கா மருந்துப் பையை மஞ்சள் தண்ணீரால் கழுவிக்கொண்டே அழுதாள். எதற்கு அழுதாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தாளே, ஊர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டு மணிமேகலை முதலில் சொன்னாள், மற்றவர்களும் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"ஏனுங்க்கா, பல்லு பல்லுன்னு எங்ககிட்ட மறைக்கோணுமா? எங்க ஊட்டு ஃபிரிட்ஜுல வெச்சிருந்தா இந்தப் பாடு உண்டுங்களா?"

ஏழு மணிக்கு ஊசி ஏறியது. வாசலில் பஷீர் பாய்க்குக் காப்பி கொடுத்தார்கள். மிச்ச மருந்து மணிமேகலை வீட்டுக்குப் போனது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் அவள் வீட்டிலிருந்து மருந்து வரும், கூடவே நாலு பேர் வருவார்கள். நான் வீடியோவில் தெரிந்ததும் எல்லோரும் "நல்லா இருக்கீங்களாங்க டாக்டர்" என்பார்கள்.

7

இப்போது நித்யா மறுபடியும் மைதானத்தில் விசில் ஊதுகிறாள். மருந்தெல்லாம் ஏற்றி முடித்து, கடைசி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்து, முடி சுருள் சுருளாக முளைத்திருக்கிறது. அது தெரிந்ததால்தான் என்னால் இவ்வளவு சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. அன்று சிரிக்கவில்லை.

முட்டைகளை எடுத்த நாள் நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தோம். அக்கா ஃபோனை எப்படிப் பிடித்தாளோ, எங்களுக்கு ஆஸ்பத்திரி மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. டாக்டரம்மா வந்து, நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் எல்லாம் நல்ல முட்டைகள், உறையவைத்தாயிற்று, திங்கட்கிழமை புற்றுநோய் மருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போவது கேட்டது. மச்சான் முருகா என்றார். ஓவியா மேசைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மயக்கம் தெளிந்த நித்யாவிடம் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"உனக்குப் புள்ளை மேல இத்தனை ஆசையா கண்ணு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

நித்யாவின் குரல் கரகரவென்று வந்தது.

"புள்ளைக்காக இல்லம்மா. எல்லா டாக்டரும் அடுத்த வாரம் என்ன, அடுத்த மாசம் என்னன்னுதான் எங்கிட்டப் பேசுனாங்க. அந்தம்மா மட்டுந்தான் அஞ்சாறு வருசங் கழிச்சுன்னு பேசுனாங்க. சாகப்போறவகிட்ட யாராச்சும் அப்படிப் பேசுவாங்களா? அதை நெனைச்சுக்கிட்டுத்தான் தெனமும் குத்திக்கிட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கதவு திறக்கிற சத்தமும் சிஸ்டரின் குரலும் கேட்டன. எத்தனை வருடத்துக்கு வைக்கவேண்டுமென்று எழுதிக்கொள்ளணும், சிலபேர் மூன்று வருடம் சொல்வார்கள், சிலபேர் ஐந்து, அதிகபட்சம் பத்து வைக்கலாம், என்ன போடட்டும் என்று நித்யாவைக் கேட்டாள்.

நித்யா வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"பத்துன்னே போட்டுக்குங்க சிஸ்டர். அதுக்கு மேல போடறதுக்கு வழி இருந்தா, அதையுங் கேட்டுச் சொல்லுங்க."